சூப்பர் மச்சி... அப்புறம்?

பாட்டுக் கட்டும் நண்பர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் இரண்டே இரண்டு விமர்சனங்கள்தான் பிறக்கின்றன. ஒன்று, "சூப்பர் மச்சி". இன்னொன்று, "ஒண்ணுமே புரியலையே மச்சி". முதலாவதால் யாருக்கும் லாபமில்லை. இரண்டாவதால் சில சமயம் நஷ்டமே வந்துவிடுகிறது. நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்பது என் கட்சி. அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

எங்கள் ஊர் மணலூர்பேட்டை. தென்பெண்ணைக் கரை. தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து போகும் ஊர் என்றால் பலருக்கும் பிடிபடும். பாட்டைப் பதிவு செய்ய நாங்கள் ஸ்டூடியோ தேடிப் போவதில்லை. ஒரு கைப்பேசி, இயர்போனில் இருக்கும் மைக், இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலி, எதிரொலி அடங்க ஜன்னலில் தொங்கவிட்ட போர்வை. அவ்வளவுதான் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம். முடிந்ததும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒரு சின்ன ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்போம். பிறகு கருத்து சொல்லும் படலம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, தண்ணீரை அப்படியே திறந்துவிட்டார்கள். பெண்ணைக் கரை ஊர்கள் தவித்தது எல்லோருக்கும் தெரியும். அந்த ராத்திரியைப் பற்றி நண்பன் ஒருவன் பாட்டு செய்தான். ஏழு நிமிடம். தாளம் என்று தனியாக எதுவும் இல்லை. ஒரே சுருதியில் கீபோர்டு நீண்டுகொண்டே போகும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மிதக்கும். அடியில் 'ஹோ' என்று ஓர் இரைச்சல். சைக்கடெலிக் என்கிறார்களே, விழித்திருக்கும்போதே கனவுக்குள் தள்ளிவிடுகிற இசை, அந்த வகை.

கேட்டு முடித்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். "குரலை முன்னால கொண்டு வாடா." "ஏழு நிமிஷம் யார் கேப்பா? மூணா குறை." "பின்னால ஒரே நாய்ஸ். அதை எடுக்க ஒரு ஆப் இருக்கு, அனுப்பறேன்."

அப்போது பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தி, "இது அன்னிக்கி ராத்திரி வந்த சத்தமாச்சே தம்பி" என்றார்.

ஆமாம். மாடியில் நின்று அவன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த வெள்ளத்தின் சத்தம்தான் அது. நாய்ஸ் என்று எடுக்கச் சொன்னதுதான் அந்தப் பாட்டே!

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெரியவருக்குப் பாட்டு எழுதத் தெரியாது. எங்கள் ஆட்கள் எல்லோரும் எழுதுகிறவர்கள். ஆனால் அவர் தன் காதில் விழுந்ததைச் சொன்னார். இவர்களோ, தாங்களாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்பதைச் சொன்னார்கள். எழுதுகிறவர்களின் வியாதியே இதுதான். அடுத்தவன் பாட்டைக் கேட்கும்போதே மனசுக்குள் நம் பாட்டை எழுத ஆரம்பித்துவிடுகிறோம்.

இந்த விஷயத்தில் எங்கள் சீமைக்கென்றே ஒரு பழைய கதை உண்டு. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் இந்தத் திருமுனைப்பாடி நாட்டுக்காரர். புலவர்களை வாதுக்கு இழுத்து, தோற்றவர் காதைத் துறட்டியால் அறுத்துவிடுவார் என்பது செவிவழிக் கதை. திருவண்ணாமலை அருணகிரிநாதரோடு அவர் மோதினார். அருணகிரி கந்தரந்தாதியைப் பாடப் பாட, வில்லி உடனுக்குடன் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். 54-வது பாட்டு முழுக்க முழுக்க தகர வரிசை எழுத்துகளால் ஆனது. முதல்முறை கேட்பவருக்கு வெறும் ஜதி மாதிரிதான் இருக்கும். அங்கே வில்லி திணறிப் போனார். அருணகிரி தாமே பொருள் சொன்னார். வில்லியின் காதை அறுக்கவில்லை. துறட்டியைத் தூக்கிப் போடச் சொன்னதோடு விட்டுவிட்டார்.

இது வரலாறா என்று கேட்காதீர்கள், கதைதான். ஆனால் இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. காது அறுக்கிறவர் என்று பெயர் வாங்கிய வில்லிகூட, முதலில் பாட்டுக்குப் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. அதில் தவறினால்தான் தோல்வி. 53 பாட்டு வரை அவர் அதைச் செய்தார். நாம் அந்த வேலையையே விட்டுவிட்டு நேராகத் துறட்டியை எடுத்துவிடுகிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கனவு மாதிரி, மூட்டம் மாதிரி என்று சொல்லிக்கொண்டு சோம்பேறித்தனத்தை மறைக்க முடியும். சுருதி சேராத குரலை எதிரொலிக்குள் ஒளித்து வைக்கலாம். எழுத முடியாத சரணத்துக்குப் பதில் முனகலாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் சரக்கு இல்லாததை ஏழு நிமிடம் இழுக்கலாம். வேண்டுமென்றே போட்ட மூட்டம் எது, தெரியாமல் விழுந்த மூட்டம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அருணகிரி கதையிலேயே விடை இருக்கிறது. பாடியவரையே கேட்க வேண்டியதுதான். "இந்த இடம் ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தால் அது தேர்வு. தலையைச் சொறிந்தால் அது விபத்து. தலையைச் சொறிவதும் தப்பில்லை, அடுத்த பதிவில் என்ன செய்வது என்று அப்போதுதான் தெரியும்.

கடல் தாண்டியும் ஓர் உதாரணம் பார்க்கலாம். 1966-ல் பீட்டில்ஸ் 'ரிவால்வர்' தொகுப்பை வெளியிட்டார்கள். அதன் கடைசிப் பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்'. பெரும்பாலும் ஒரே சுருதி. பால் மெக்கார்ட்னி வீட்டு டேப் ரெக்கார்டரில் செய்து பார்த்த நாடாச் சுற்றுகளும் அதில் சேர்ந்தன. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுகிற மாதிரி தன் குரல் வேண்டும் என்று ஜான் லெனன் கேட்டார். "முதலில் தெளிவாகப் பாடுங்கள் ஐயா" என்று சொல்லியிருக்கலாம். ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது 20 வயதுதான். குரலை ஆர்கனுக்கான சுழலும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பினார். பாட்டு எங்கே போக விரும்புகிறது என்று புரிந்துகொண்டு அங்கே போக வழி சொல்வது இதுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் தனியாகவே செய்துகொள்ளலாமே, அடுத்தவன் கருத்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் கெவின் பார்க்கர், டேம் இம்பாலா என்ற பெயரில் ஏறக்குறைய எல்லாக் கருவிகளையும் தானே வாசித்துப் பதிவு செய்கிறவர். அவரே 2010-ல் வந்த 'இன்னர்ஸ்பீக்கர்' தொகுப்பின் ஒலிக்கலவையை டேவ் ஃப்ரிட்மன் என்பவரிடம் கொடுத்தார். தன் பாட்டை நூறு தடவை கேட்ட காது செவிடாகிவிடும். இன்னொரு காது வேண்டும். அதுவும் கேட்கிற காதாக இருக்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை, நண்பன் பாட்டைக் கேட்கும்போது செய்ய வேண்டியவை நாலு.

ஒன்று, முழுசாகக் கேளுங்கள். முடிந்தால் இயர்போனில், கண்ணை மூடி. கனவு வகைப் பாட்டு டீக்கடை ஸ்பீக்கரில் பிழைக்காது.

இரண்டு, தீர்ப்புக்கு முன்னால் என்ன கேட்டது என்று சொல்லுங்கள். "மூணாவது நிமிஷத்துல தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இருந்துச்சு. அஞ்சாவதுல வெளிய வந்துட்டேன்." இந்த ஒரு வரி, பத்து யோசனைகளுக்குச் சமம். எங்கே பிடி விட்டது என்று பாடியவனுக்குத் தெரிந்துவிடும்.

மூன்று, ஏன் என்று கேளுங்கள். பதிலுக்குப் பிறகுதான் யோசனை.

நான்கு, குறையைச் சொல்லாமல் விடாதீர்கள். அந்த வெள்ளப் பாட்டில் எனக்கும் குறை உண்டு. குரல் கலங்கியிருப்பது சரி. ஆனால் அவன் வீட்டு மாட்டைப் பற்றிய அந்த ஒரு வரி மட்டும் கலங்காமல் கேட்க வேண்டும். ஏழு நிமிட மூட்டத்தில் கையில் சிக்குகிற ஒரே கொம்பு அதுதான். இதை அவனிடம் சொல்லியும் விட்டேன்.

பெரிய கம்பெனிப் பாட்டுக்கு விமர்சனம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் என்ன சொன்னாலும் அது ஓடும், இல்லை ஓடாது. வீட்டுப் போர்வைக்குள் பதிவான பாட்டுக்கு நாம் நாலு பேர்தான் மொத்த சபையும். நாம் அவசரப்பட்டுச் சொல்லும் ஒரு வார்த்தையில் அந்தக் கோப்பு கைப்பேசியிலிருந்து அழிந்து போகலாம். அந்த நண்பன் இன்னும் அழிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு வேறு யாருக்கும் அதைப் போட்டுக் காட்டவும் இல்லை. அந்த ராத்திரி பெண்ணை எப்படி இரைந்தது என்பதற்கு எங்கள் கூட்டத்தில் இருக்கிற ஒரே பதிவு அது.

உங்கள் நண்பர்களில் யாராவது இந்த வாரம் ஒரு பாட்டைக் கொண்டு வந்து நீட்டினால், "சூப்பர் மச்சி" என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "அப்புறம்?" என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் :-)