பேரும் வேணும், நம்பரும் வேணும்!



ஆண்டு மலர் என்றால் நட்பு, காதல், பிரிவு என்று எழுதுவதுதான் வழக்கம். நான் திரெட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "இது லேப் சமாச்சாரம், இங்கே எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பசங்களுக்கு இதைவிடச் சுலபமாகப் புரிகிற பாடம் வேறு இல்லை.

திரெட் என்றால் இழை. ஒரே புரோகிராமுக்குள் பல வேலை ஒரே சமயத்தில் நடக்க வேண்டுமானால் வேலைக்கு ஒரு திரெட். ஒன்று டேட்டாவை இறக்கும், ஒன்று கணக்கு எழுதும், ஒன்று பில் அடிக்கும். 1996-ல் வெளிவந்த ஜாவாவில் திரெட்டும் ஓர் ஆப்ஜெக்ட்தான். அதற்கு நாம் பேர் வைக்கலாம். வைக்காவிட்டால் ஜாவாவே 'திரெட்-0', 'திரெட்-1' என்று வைத்துக்கொள்ளும். நம் லேப் ரெக்கார்டுகளைப் புரட்டிப் பாருங்கள், பாதிக்கு மேல் 'திரெட்-0'தான். கேட்டால், "ஓடுதில்ல, அப்புறம் பேர் எதுக்கு? அது சும்மா அலங்காரம்" என்கிறார்கள். அலங்காரம் இல்லை என்பதுதான் என் கட்சி.

நம்ம ஹார்பரையே எடுத்துக்கொள்வோம். சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் டெர்மினல் வந்தது 1983-ல். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசைகட்டி நிற்கிற லாரிகளில் எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் பாருங்கள். நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு இலக்கம். மொத்தம் பதினொன்று. முதல் மூன்று எழுத்து பெட்டிக்காரன் யார் என்று சொல்லும். கடைசி இலக்கம், மற்றதையெல்லாம் சரியாக எழுதினோமா என்று சோதிக்க.

கப்பலுக்கும் அப்படித்தான். பக்கவாட்டில் பெரிசாகப் பேர் எழுதியிருக்கும். கப்பல் கை மாறினால் பேர் மாறும், கொடி மாறும். ஆனால் ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்கம் இருக்கிறதே, அது கப்பலை உடைக்கிற வரை மாறாது. 1987-ல் கொண்டுவந்த இந்த முறையை 1996-ல் பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 9074729 என்று ஓர் எண். முதல் ஆறு இலக்கத்தை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 139 வரும். அதன் கடைசி இலக்கம் 9, எண்ணின் கடைசி இலக்கமும் 9. சரியான நம்பர்!

அதே 1996-ல்தான் நம் ஊர் மெட்ராஸ் என்பது போய் சென்னை ஆனது. ஆனால் துறைமுகத்தின் உலகக் குறியீடு இன்றும் 'ஐ.என்.எம்.ஏ.ஏ.'தான். விமான டிக்கெட்டில் வருகிற 'எம்.ஏ.ஏ.'வும் மெட்ராஸ்தான். பேர் மனுஷனுக்கு, மாறலாம். நம்பர் அடையாளத்துக்கு, மாறக் கூடாது.

ஜாவாவும் இதைத்தான் செய்கிறது. ஒரு திரெட்டின் பேரை நடுவில் மாற்றலாம். ரெண்டு திரெட்டுக்கு ஒரே பேர் வைத்தாலும் ஜாவா ஒன்றும் சொல்லாது. காசிமேட்டில் ஒரே அம்மன் பேரில் பல படகு இருந்தாலும் மீன்வளத் துறை பதிவு எண் வேறு வேறுதானே! அதனால் 'பேர் இதுவானால் இதைச் செய்' என்று புரோகிராம் எழுதுவது ஆபத்து. அடையாளத்துக்கென்று 2004-ல் 'கெட்ஐடி' என்ற மெத்தட் வந்தது. ஆனால் அது ஃபைனல் இல்லை. கிளாஸை இன்ஹெரிட் செய்கிறவன் அதை ஓவர்ரைடு செய்து வேறு நம்பரைத் திருப்பி அனுப்ப முடியும். அதனால் 2022-ல் ஜாவா 19-ல் யாரும் மாற்ற முடியாத 'திரெட்ஐடி'யைக் கொண்டுவந்து, பழையதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். நடுவில் பதினெட்டு வருஷம். என் வயசு!

அப்படியானால் நம்பர் மட்டும் போதுமா? போதாது. என் சித்தப்பா மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். கம்பெனி பேர் வேண்டாம். அங்கே ஆளுக்குப் பேர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். வேலையை விட்டுப் போனவனின் நம்பரை அடுத்து வருகிறவனுக்குக் கொடுப்பார்கள். சித்தப்பா நின்ற பிறகு அவருக்கு வரவேண்டிய ஓவர்டைம் காசு, அதே நம்பரில் புதுசாக வந்தவர் கணக்கில் ஏறிவிட்டது. ரிஜிஸ்டரில் பேர் இல்லை, கேட்க வழியும் இல்லை. பைத்தான் மொழியில் ஒரு திரெட் முடிந்ததும் அதன் எண் இன்னொன்றுக்குப் போகலாம் என்று படித்தபோது எனக்குச் சித்தப்பா டோக்கன்தான் ஞாபகம் வந்தது.

2023-ல் வந்த ஜாவா 21-ல் லட்சக்கணக்கில் உருவாக்கக்கூடிய விர்ச்சுவல் திரெட்டுகள் உண்டு. நாம் வைக்காவிட்டால் அவற்றுக்குப் பேரே கிடையாது. வெறும் நம்பர்!

"ரெண்டு திரெட் ஓடுற லேப் புரோகிராமுக்கு இதெல்லாம் ஓவர்" என்று சிலர் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் பழக்கம் லேபில்தானே வரவேண்டும்? எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். இதைப் படிக்கிற பலரும் அப்படித்தான். நாளைக்கு ஏதோ ஒரு ஆபீஸில் நைட் ஷிப்ட்டில், நின்றுபோன சர்வரின் லாகைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போவது நம்மில் ஒருத்தர்தான். 'பூல்-3-திரெட்-7 நின்றுவிட்டது' என்று இருந்தால் விடிய விடியத் தேட வேண்டும். 'கேட்-பில்-பிரிண்ட்' என்று இருந்தால் பிரிண்டரைப் போய்ப் பார்த்தால் போதும். பேர் வைத்தவன் நமக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்தவன் ஆகிறான்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். லேப் ரெக்கார்டில் திரெட்டுக்கு வேலையைச் சொல்கிற பேர் வைத்தவர்களுக்கு ஒரு மார்க் ஒதுக்குங்கள். தோழர்களே, நீங்கள் அந்த மார்க்குக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு வரிதான், இன்றைக்கே எழுதுங்கள்!