கிண்டி கற்றுத் தந்ததை மறந்த திட்டம்

தரவரிசையில் முன்னால் நிற்கும் நிறுவனம் வழிநடத்த வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதன்கீழ் இணைய வேண்டும். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2024-ல் கொண்டுவந்த ‘ஹப் அண்டு ஸ்போக்’ திட்டத்தின் சாரம் இதுதான். ஆய்வைக் கூட்டாகச் செய்வோம் என்கிறார்கள். வழிநடத்துபவர் கேள்வியைத் தேர்வார், இணைந்தவர் அளவெடுத்துக் கொடுப்பார். நடக்கப்போவது அதுதான்.

1952-ல் கிண்டியில் நடந்தது வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேவைப்பட்டார். துணைவேந்தர் ஆ.லட்சுமணசாமி முதலியார் சி.வி.ராமனை அழைக்க, அவர் தன் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயது இளைஞரிடம் துறையை ஒப்படைத்தார் முதலியார். எதை ஆராய்வது என்று சொல்லவில்லை. சென்னை வந்த படிகவியல் அறிஞர் பெர்னால், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் வந்தது. 1954-ல் கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் மும்முறுக்குச் சுருள் அமைப்பை வெளியிட்டார்கள். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து வரைந்த ‘ராமச்சந்திரன் படம்’ வந்தது. உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் இன்றும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். இயற்பியல் துறைக்குள் தசைநாண் நுழைந்ததால் கிடைத்த பேறு இது!

இன்று அந்த இளைஞர் விண்ணப்பித்தால், முன்னுரிமைத் துறைகளுள் இது எதில் சேரும் என்றுதான் முதலில் கேட்பார்கள். வழிகாட்டி நிறுவனத்தின் கையெழுத்து எங்கே என்பது அடுத்த கேள்வி.

சிறிய துறைகளால் விலையுயர்ந்த கருவிகளை வாங்க முடியாது என்பது எதிர்வாதம். கருவியைப் பகிர்ந்துகொள்ள ஒரு முன்பதிவு ஏடு போதும். மேல், கீழ் என்ற அடுக்கு எதற்கு?

2020-21-ல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64%. இதைச் சரிசெய்யவே அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதிலும் 36,000 கோடி தொழில்துறை முதலான வெளியாரிடமிருந்து வர வேண்டும். கொலாஜனுக்கு அன்று எந்த ஆலை முதலாளி பணம் கொடுத்திருப்பார்? இந்த ஏற்பாடு பத்தாண்டுகள் நீடித்தால் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் சொந்தக் கேள்வியோடு ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்.

அடுக்கைக் கலையுங்கள். காலியாக உள்ள பேராசிரியர் இடங்களை நிரப்பி, ஆய்வுப் பொருளைக் கேட்காமல் நிதியைத் துறைகளிடமே நேரடியாகக் கொடுங்கள். கணக்கைப் பத்தாண்டுகள் கழித்துக் கேளுங்கள்.