கப்பல் ஏறலாம், சாதியைப் பேசக்கூடாது!

1916 மே 9. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். மானுடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசிக்கிறார். இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது, எப்படி இயங்குகிறது, எப்படிப் பெருகியது என்பதுதான் பொருள். பரோடா மன்னர் 1913இல் கொடுத்த உதவித்தொகையில், மாசம் பதினொன்றரை பவுன் கணக்கில், மூன்று வருசம் படிக்கப் போனவர் அவர். பெயர் பீமாராவ் ராம்ஜி அம்பேத்கர். திரும்பி வந்து சமஸ்தானத்தில் பத்து வருசம் வேலை பார்க்கணும்னு நிபந்தனை போட்டார்கள். ஆனால் சாதியைப் பற்றி எழுதியதற்காகக் காசை நிறுத்தினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இதே அம்பேத்கர் இன்றைக்கு மனுப் போட்டால் என்ன ஆகும்?

பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க 1954-55இல் தொடங்கிய தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022 பிப்ரவரியில் சமூக நீதி அமைச்சகம் (பெயரைக் கவனியுங்கள்) அதன் விதிகளில் ஒரு வரியைச் சேர்த்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு, இவற்றுக்கெல்லாம் இந்தப் பணம் கிடையாது. அதாவது 1916இல் வாசித்த அந்தக் கட்டுரைக்கு 2022இல் தகுதி இல்லை.

காரணம் கேட்டால், 'இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கே' என்கிறார்கள். என்ன வசதி? மாதக்கணக்கில் உதவித்தொகை நின்றுபோய் 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா செத்தாரே, அந்த ஐதராபாத் வசதியா? சேலத்திலிருந்து வரலாறு படிக்கப் போய், 2017 மார்ச்சில் முத்துக்கிருஷ்ணன் பிணமாகத் திரும்பினாரே, அந்த தில்லி வசதியா? வழிகாட்டி யார், நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் யார், மதிப்பெண் போடுகிற கை யாருடையது? அமைச்சகத்துக்குத் தெரியாதா என்ன!

அப்பன் காசில் போகிற மேல்சாதிப் பிள்ளைக்கு இந்த விதி கிடையாது. அவன் லண்டனில் உட்கார்ந்து நம்ம பறையைப் பற்றி, நம்ம சாமியைப் பற்றி, நம்ம சாவைப் பற்றி ஆராய்ச்சி பண்ணலாம். பட்டம் வாங்கலாம், பேராசிரியர் ஆகலாம். சேரியைப் பற்றிப் பேச அங்கே நாற்காலி இருக்கு. சேரியிலிருந்து வந்தவன் அதில் உட்காரத்தான் தடை. நீ பொறியியல் படி, மருத்துவம் படி, வாயை மூடிக்கிட்டுப் படி!

வாயை மூடினாலும் சாதி விடுகிறதா? விமானத்தில் கூடவே வருது. அறையில் தங்கியிருக்கிற நம்ம நாட்டுக்காரன் 'முழுப்பேர் என்ன, அப்பா என்ன வேலை, வீட்ல கறி சாப்பிடுவீங்களா' என்று சுற்றி வளைத்துக் கேட்பான். எதுக்குக் கேட்கிறான் என்று கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். இதை அந்த நாட்டுக்காரர்களே புரிந்துகொண்டார்கள். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் 23 வளாகங்களிலும் பாகுபாடு காட்டக்கூடாத அடையாளங்களின் பட்டியலில் சாதியைச் சேர்த்தது 2022 ஜனவரியில். அடுத்த மாதமே இங்கே அதைப் பற்றிப் படிக்கவே காசு இல்லை என்று எழுதினார்கள். ஒரே மாத இடைவெளி!

சரி, கொடுக்கிற காசாவது பத்துதா? 2022 விதிப்படி பிரிட்டனில் படிப்பவருக்கு வாழ்க்கைச் செலவுக்கு வருசத்துக்கு 9,900 பவுன். மாசத்துக்கு 825. லண்டனில் படிக்க விசா கேட்பவர் மாசம் 1,334 பவுன் காட்டணும் என்பது அப்போது அந்த நாட்டுச் சட்டம். இடையில் இருக்கிற 509 பவுனுக்கு எந்தச் சேரியில் எந்தக் குடிசையை அடகு வைப்பது?

2025 ஜூலையில் நடந்தது இன்னும் கேவலம். 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் 40 பேருக்குத்தான் கடிதம். மீதி 66 பேருக்கு 'நிதி இருந்தால் பார்க்கலாம்' என்று பதில். வகுப்புத் தொடங்குவது செப்டம்பரில். மொத்தம் 125 இடம், நாடு முழுக்க. அதிலும் சீர்மரபினருக்கும் நிலமற்ற கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் பங்கு உண்டு. கோடிக்கணக்கான மக்களுக்கு இந்த நூத்திச் சொச்சம் இடம்தான், அதுக்கும் கஜானாவில் பணம் இல்லையாம்.

இடத்தைக் கூட்டு, பணத்தைக் கூட்டு என்று கேட்பது ஒருபக்கம் இருக்கட்டும். முதலில் அந்த ஒரு வரியை அடிக்கச் சொல்லுவோம். நம்ம பிள்ளைகள் எதைப் படிக்கணும் என்று தீர்மானிக்க அமைச்சகம் யார்?