முதல் பக்கத்தைப் பாடமாக நடத்துங்கள்

தீண்டாமை குற்றம் என்று சொல்லும் வாசகத்தைப் பாடநூலின் முன்பக்கத்தில் அச்சிட்டுக் கொடுப்பது தமிழ்நாட்டு அரசின் நெடுநாள் வழக்கம். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் முதல் பாடத்துக்குப் போகிறார்கள். எந்த வாத்தியாராவது அதற்கு ஒரு பீரியடு ஒதுக்கியிருக்கிறாரா? அது யார் செய்கிற குற்றம், யார்மேல் செய்கிற குற்றம், நம்ம ஊரில் எங்கெங்கே நடக்குது என்று ஒரு புள்ளையாவது எழுந்து கேட்க முடியுமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பைக்குள்ளும் அதே பாடநூல்தான் இருந்தது. வாசகம் இருந்தது, கேள்வி இல்லை. மனப்பாடக் கல்வி என்று நாம் சொல்வது இதைத்தான். சொன்னதைத் திருப்பிச் சொல், எதிர்த்துக் கேட்காதே என்று பழக்குகிற கல்வி சாதிக்கு ஒருநாளும் இடைஞ்சல் செய்யாது. சாதியும் அதைத்தானே பழக்குகிறது?

அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளத்தை எடுக்கச் சொன்னது. எங்கள் தேனி மாவட்டத்துக்கு இது நேராகப் பொருந்தும். கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று ஒரு பலகை, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று இன்னொரு பலகை. பலகை மாறட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பலகையையே ஒரு பாடமாக நடத்தலாமே! ஒரு சாதியையே குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய வெள்ளைக்கார அரசு அவர்களுக்கென்று பள்ளி திறந்தது ஏன்? பொதுப்பள்ளியில் நம்ம புள்ளைகளை உட்கார விடாதவர்கள் யார்? இரண்டு பள்ளி மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து இதைத் தேடட்டும். அங்கேதான் சிந்தனை தொடங்கும்.

இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்று சிலர் சொல்கிறார்கள். 1855-ல் புனேயில், பூலே தம்பதியின் பள்ளியில் படித்த பதினான்கு வயது மாங் சாதிப் பெண் முக்தா சால்வே, மாங்குகள் மகார்கள் படும் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். வேதத்தைத் தொடவே கூடாதென்றால் எங்களுக்கு மதம் எது என்று கேட்டாள். அது 'ஞானோதயா' இதழில் அச்சாகியது. அம்பேத்கர் கொலம்பியாவில் ஜான் டூயியிடம் படித்தார். இருக்கிற சமூகத்தை அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது கல்வியின் வேலையல்ல என்ற டூயியின் கருத்தை 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் ஆயுதமாக எடுத்தார். ஆக, கேள்வி கேட்பது நமக்குப் பாட்டன் பூட்டன் சொத்து.

முறைகள் இல்லாமலில்லை. ரிஷி வேலியிலிருந்து எடுத்த செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவியது. வாத்தியார் தரையில் இறங்கி உட்கார்ந்தார். கரும்பலகை புள்ளைகள் கைக்கு எட்டியது. சாதாரண மாற்றமல்ல. ஆனாலும் அட்டையில் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-ல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் உழைக்கும் மக்களுக்கு எழுத்தறிவித்தபோது, அவர்கள் புழங்குகிற சொல்லிலிருந்தே தொடங்கினார். செங்கல் என்ற சொல்லை எடுத்தால், அதைச் சுமப்பவன் யார், வீடு யாருக்கு என்று பேச்சு போகும். மறுவருடம் ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் போட்டது. எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்ததற்கா சிறை? கேட்கக் கற்றுக்கொடுத்ததற்கு.

போடியில் நமக்கு அந்தச் சொல் ஏலக்காய். விடியக்கருக்கலில் ஜீப்பில் நெருக்கி ஏறி, போடிமெட்டு வழியாக மலைக்குப் போகிற அம்மாமாரின் புள்ளைகள்தான் நம்ம வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்குப் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். சுமார் அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அம்மா ஒருநாளைக்கு எத்தனை கிலோ எடுக்கிறாங்க? கூலி எவ்வளவு? அந்த வருசம் விலை ஏறின அளவுக்குக் கூலியும் ஏறிச்சா? உரம், மருந்து, விறகு, கமிஷன் என்று தோட்டக்காரர் செலவையும் எழுதட்டும். விலை சரிந்த வருசத்தையும் எழுதட்டும். முடிவை வாத்தியார் முன்கூட்டியே சொல்லக்கூடாது. நம்ம கோஷத்தை மனப்பாடம் பண்ண வைத்தால் அதுவும் கோனார் நோட்ஸ்தான், அட்டைதான் வேற.

அப்புறம் சரித்திரம். 1956-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனபோது மலையில் உழைத்த தமிழர்கள் என்ன ஆனார்கள்? இதற்கு விடை நோட்ஸில் இருக்காது. வீட்டுக் கிழவியிடம் இருக்கலாம்.

ஒரு தோழர் கேட்டார்: "நம்ம புள்ளைக்கு மார்க்குதானய்யா சோறு போடும்? கேள்வி கேட்டா வேலை குடுப்பானா?" நியாயமான பேச்சு. பாங்கிப் பரீட்சைக்கு நானும் மனப்பாடம் பண்ணித்தான் வந்தேன். வாய்ப்பாடும் இலக்கணமும் வேண்டாமென்று சொல்லும் வசதி நமக்குக் கிடையாது. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன்: பட்டம் வாங்கிய நம்ம பையன் கல்விக்கடன் பத்திரத்தில் வட்டி எப்போது தொடங்குது என்று கேட்காமல் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுகிறான். கேட்டால் திட்டுவார்களோ என்று பயம். மார்க் அவனைக் கவுண்டர் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது. அதற்கப்புறம் நிமிர்ந்து பேச எது கற்றுக்கொடுத்தது?

ஆகவே இரவுப்பள்ளி நடத்துகிற தோழர்களே, மாணவர்களே: மனப்பாடத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் கேள்விக்கு அரைமணி கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் வாத்தியார் வாயைத் திறக்காமல் புள்ளைகளே கேட்கட்டும். தெரியாததற்கு "தெரியல, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். பாடநூலின் முதல் பக்கத்திலேயே ஆரம்பியுங்கள். அந்த வாசகத்துக்குக் கீழே தன் தெருவில் பார்த்ததை ஒரு புள்ளை ஒரு வரி எழுதினால் போதும், அதை வைத்து ஒரு வருசம் பாடம் நடத்தலாம்.