பழைய நிரலும் புதிய பதிப்பும்

மாணவர்கள் பலர் முதன்முதலில் கற்கும் நிரல்மொழிகளுள் ஒன்று பைத்தான். அதன் மூன்றாம் பதிப்பு 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. ஆனால், இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்ட நிரல்கள் பல அதில் இயங்கவில்லை. இத்தகைய மாற்றம் தேவைதானா என்று பலர் குறைகூறினர்.

அம்மாற்றம் தேவையானதே. பழைய பதிப்பில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3 என்றே விடை வரும். புதிய பதிப்பில் 3.5 என வரும். ‘அ’ என்னும் ஓர் எழுத்து யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பழைய பதிப்பு வழக்கமாக அதன் நீளத்தை 3 என்று கணக்கிடும். புதிய பதிப்போ 1 என்று சரியாகச் சொல்லும். தமிழ் போன்ற மொழிகளைக் கையாள்வோருக்கு இது பெரிய நன்மை. அடித்தளத்தில் உள்ள குறையை மேற்பூச்சால் மறைக்க இயலாது.

ஆயினும், மாற்றத்தின் சுமையை நிரலாளர்களே சுமந்தனர். நிரல் இயங்காமல் நின்றால் பிழை உடனே தெரியும். நிற்காமல் வேறு விடையைத் தந்தால், அது எளிதில் கண்ணில் படாது. ஆகவே, நிரல்களை மாற்றித் தரும் கருவி இருந்தும், மனிதர்களே அவற்றைக் கவனமாகச் சோதிக்க வேண்டியிருந்தது.

இதனால், பழைய பதிப்புக்கான ஆதரவை 2015இல் நிறுத்தத் திட்டமிட்டிருந்த குழுவினர், அதனை 2020 வரை நீட்டித்தனர். அது பொறுப்பான முடிவு. ஆனால், “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று அந்த அவகாசத்தை வீணாக்கியோர், புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத மென்பொருளோடு நின்றனர்.

மாற்றத்தைக் கொண்டுவருவோர் போதிய அவகாசமும் வழிகாட்டலும் தர வேண்டும். அவகாசம் பெற்றவர்களோ அதற்குள் செயல்பட வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் நல்ல மாற்றமும் சுமையாகிவிடும்.