சூரியப் புயலுக்கு ஒரு காவல்காரன்



எங்கள் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சியில் ஏறி நின்றால் வெகுதூரம் தெரியும். படை வந்தால் முதலில் பார்ப்பவன் அங்குள்ள காவல்காரன்தான்.

சூரியனிலிருந்தும் ஒரு படை கிளம்பி வருவதுண்டு. மின்னேற்றம் பெற்ற துகள்கள். சூரியப் புயல் என்பார்கள். பயப்படாதீர்கள், பூமியின் காந்தப்புலமும் காற்றும் நம்மைக் காக்கின்றன. ஆபத்து செயற்கைக்கோளுக்கும் மின்சாரத்துக்கும்தான். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள்.

கொடைக்கானல் மலையிலிருந்து 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறார்கள். மேகம் மூடினால்? இரவானால்? இந்தத் தடையில்லாமல் பார்க்கத்தான் 2023 செப்டம்பர் 2-ல் ஆதித்யா எல்-1 விண்கலத்தை இஸ்ரோ அனுப்பியது. திட்ட இயக்குநர் யார் தெரியுமா? நம் செங்கோட்டை நிகர் ஷாஜி! 15 லட்சம் கி.மீ. தொலைவில், இரவே இல்லாத இடத்தில் இந்தக் காவல்காரன் இருக்கிறான்.

புயல் கிளம்பும்போதே கண்டால் ஓரிரு நாள் அவகாசம் உண்டு. ஆனால் எவ்வளவு பலமாகத் தாக்கும் என்பது விண்கலத்தைத் தொட்ட பிறகுதான் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து பூமிக்கு வர சுமார் ஒரு மணி நேரம்; வேகமான புயலென்றால் அரை மணிகூட ஆகாது. அதற்குள் சேதி மின்நிலையங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்த அவகாசத்தை நீட்டத்தான் விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். எல்லாம் கணக்கு வேலை. உங்களில் கணக்குப் பிடித்தவர்கள் யார் யார்?