திரையும் கரும்பலகையும்

மைசூருப் பல்கலைக்கழகம் 1916ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் அஞ்சல்வழிக் கல்விப் பிரிவே பின்னர் வளர்ந்து, 1996இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பாடங்கள் அஞ்சல் உறையில் வீடு தேடிச் சென்ற அக்காலத்திலும், மாணவர் ஒன்றுகூடி ஆசிரியரிடம் ஐயம் தெளியும் நேர்முக வகுப்புகள் நடைபெற்றன. இன்று அவ்வுறையின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது.

இந்திய அரசின் 'ஸ்வயம்' இணையத்தளம் 2017இல் தொடங்கப்பட்டது. நம் மைசூரு மானசகங்கோத்திரி வளாகத்திலுள்ள பல்லூடக ஆய்வு மையமும் அதற்குப் பாடங்களை உருவாக்குகிறது. கல்லூரி மாணவர் ஒரு பருவத்திற்குரிய பாடங்களில் 20 விழுக்காடு வரை அத்தளத்தில் பயிலலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதி வகுத்தது. 2021இல் அவ்வளவு 40 விழுக்காடாக உயர்ந்தது.

இவ்வசதியை நான் வரவேற்கிறேன். வீட்டில் தமிழ் பேசி, தெருவில் கன்னடம் பேசி, கல்லூரியில் ஆங்கிலத்தில் பயிலும் உங்கள் அக்காவையோ அண்ணனையோ எண்ணிப் பாருங்கள். வகுப்பில் ஒருமுறை கேட்டு விளங்காத பகுதியைத் திரையில் நிறுத்தி மீண்டும் மீண்டும் கேட்கலாம். ஐ.ஐ.டி.க்கள் வழங்கும் 'என்பிடெல்' பாடங்கள் சிலவற்றின் எழுத்துவடிவம் தமிழிலும் கிடைக்கிறது. வேற்றுமொழிச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு இது பேருதவியாகும்.

ஆயினும், காணொலியில் பேசும் பேராசிரியர் மாணவரின் முகத்தைக் காண்பதில்லை. கணக்கின் மூன்றாம் படியிலேயே ஒரு மாணவி தடுமாறி நின்றுவிட்டாள் என்பதைக் கரும்பலகையருகே நிற்பவரே அறிவார். இதனை அப்பாடங்களை அமைத்தோரும் உணர்ந்திருக்கின்றனர். என்பிடெல் ஏற்பாட்டில், இணைந்துள்ள கல்லூரிகளில் வழிகாட்டும் ஆசிரியர்கள் உள்ளனர். நூறு மதிப்பெண்ணில் 75, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கே உரியது.

எனவே, ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக விட்டுவிட்டு, "காணொலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கல்லூரி கூறுமாயின் அதனை ஏற்க இயலாது. விதி அனுமதிக்கும் 40 விழுக்காடு, ஊதியத்தைக் குறைக்கும் வழியாகிவிடக் கூடாது. விரிவுரையை மாணவர் முதல்நாளே வீட்டில் கேட்டு வரட்டும். வகுப்பு நேரம் வினாவுக்கும் விவாதத்துக்கும் செய்முறைக்கும் பயன்படட்டும். அவ்வாறு செய்தால் ஆசிரியரின் உழைப்பு கூடுமேயன்றிக் குறையாது. (எம்மில் சிலருக்கு இது கசக்கவும் கூடும்!)

இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் கல்லூரிக்கு விண்ணப்பிப்பீர்கள். அப்போது கட்டணத்தையும் விடுதியையும் பற்றி மட்டும் கேட்காதீர்கள். இணையப் பாடத்திற்கு வழிகாட்டும் ஆசிரியர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் அவரை நேரில் காணலாம் என்றும் கேளுங்கள்.